டயரில் எழுதியிருந்த ஐம்பது

டயரில் ஐம்பது என்று எழுதியிருந்தது. எழுதியிருந்ததைத்தான் நான் செய்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு இந்தக் கதை வேறுவிதமாகத் திரிகிறது. முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். அச்சில் ஓர் எண்ணைக் கண்டால் நம்பிவிடுகிற வியாதி எனக்கு உண்டு.

எங்கள் வீடு லிங்கநகரில். என் கணவர் மீன்பிடி வள்ளங்களுக்குப் பின்னால் பூட்டுகிற இஞ்சின் திருத்துகிறவர். இஞ்சின் பழுதானால் அதைத் தூக்கிக்கொண்டு யாரும் பட்டணத்துக்கு வரமாட்டார்கள். இவர்தான் போக வேண்டும். நிலாவெளி தொடங்கிப் புல்மோட்டை வரைக்கும் கரையோரத்தில் மீனவர்கள் தொழில் காலத்தில் தங்குகிற வாடிகள் இருக்கின்றன. அங்கெல்லாம் இவருக்குப் பெயர் கிடையாது, 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். சாவிகளும் உதிரிப்பாகங்களும் நிறைந்த இரும்புப் பெட்டிகளை, கெப் என்று நாங்கள் சொல்லும் பிக்கப்பின் பின்பெட்டியில் ஏற்றிக்கொண்டு விடியவே வெளிக்கிட்டுவிடுவார்.

வாடிக்குப் போகிற கடைசித் துண்டு எப்போதும் மணல். இரண்டு வருடத்துக்கு முன்னர் ஒருதரம் கெப் அச்சுவரை புதைந்து, ஒரு வாடி ஆட்கள் முழுப்பேரும் சேர்ந்து தள்ளித்தான் வெளியே எடுத்தார்கள். அதற்கு அடுத்த கிழமை, கம்பனி பூட்டி அனுப்பியதை விடப் பெரிய டயர்கள் நான்கைப் பூட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். கெப் நாலு விரல் உயர்ந்திருந்தது. "இதுக்குப் பேசாமல் தேரையே வாங்கியிருக்கலாம், வடம் பிடிக்க ஆளும் வந்திருக்கும்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே டயரில் ஒட்டியிருந்த தாளை உரித்தார். எனக்கு அந்த டயர்களை அப்போதே பிடிக்கவில்லை.

போன வருடம் ஓர் இஞ்சினைத் தனியத் தூக்கப்போய் அவருடைய முதுகு போயிற்று. எண்ணெய் பூசிச் சரிவருகிற பிசகல் இல்லை, முள்ளந்தண்டில் சத்திரசிகிச்சை. ஏழு மாதம் வீட்டோடு. வாடிகளிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. இவர் கட்டிலில் கிடந்தபடி, "இஞ்சினை முடுக்கிப்போட்டு போனைக் கிட்டப் பிடியுங்கோ" என்பார். கண்ணை மூடிச் சத்தத்தைக் கேட்பார். பிறகு என்ன பழுது, எந்த ஆணியைக் கழற்ற வேண்டும் என்று சொல்லுவார். பத்துக்கு ஏழு தரம் சரியாக இருக்கும். அதைப் பார்த்து நான் வியந்திருக்கிறேன், ஆனால் அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் தலைக்கேறிவிடும் என்ற பயம்.

ஏழாம் மாதம் டொக்டர் ஒரு வழி திறந்துவிட்டார். பாரம் தூக்கக் கூடாது, ஆனால் வாகனத்தில் இருந்தபடி தூரப்பயணம் போய்ப் பார்க்கலாம். வலி இடுப்போடு நின்றால் பயமில்லை. காலுக்குள் இறங்கினால் அதோடு இந்தத் தொழிலை விட்டுவிட வேண்டும். தூக்கிப் பிடிக்க வாடியில் எத்தனையோ கைகள் இருக்கின்றன. இவர் ஒரு பெட்டியில் இருந்துகொண்டு கைவேலை செய்தால் போதும். ஆனால் முதலில் அங்கே போய்ச் சேர வேண்டும். எல்லாம் அந்த ஒரு பயணத்தில்தான் இருந்தது. அவருக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும்.

நான் ஓட்டுவது என்று முடிவாயிற்று. நான் நன்றாகவே ஓட்டுவேன், இதில் என் கணவரின் அபிப்பிராயத்தைக் கேட்க வேண்டாம்.

கெப் முற்றத்தில் நின்றபடியே டயர்கள் நான்கும் காற்று இறங்கித் தொய்ந்து போயிருந்தன. அவருக்குத் தெரியாமல் எல்லாவற்றையும் ஆயத்தம் செய்துவிட்டு, "ஏறுங்கோ" என்று சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. பெற்றோல் செட்டுக்குக் கொண்டுபோனேன். அங்கே நின்றவர் குழாயைக் கையில் பிடித்தபடி எவ்வளவு அடிப்பது என்று கேட்டார். கெப்பின் கதவைத் திறந்தால் உள்பக்கத்தில் காற்றின் அளவு ஒட்டியிருக்கும். ஆனால் அது கம்பனி பூட்டிய சின்ன டயருக்கான அளவு, பெரிய டயருக்குப் பொருந்தாது. அந்தளவுக்கு எனக்கு மூளை இருந்தது. ஆகவே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிலத்தில் குந்தி, டயரின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருந்ததை வாசித்தேன். ஐம்பது. "ஐம்பது அடியுங்கோ" என்றேன். எவ்வளவு நிமிர்ந்து நின்று சொன்னேன் என்பது இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் காலையில், போய்ப் பார்க்கிற பயணம்தானே என்று சாமான் பெட்டிகளை ஏற்றாமல் வெளிக்கிட்டோம். அவர் புதுச் சேட்டுப் போட்டிருந்தார். நிலாவெளி தாண்டும் வரை கதைத்துக்கொண்டு வந்தார். பிறகு கதை குறைந்தது. ரோட்டில் இருந்த சின்னச் சின்ன ஒட்டுகள்கூட கெப்பைத் தூக்கி அடித்தன. நான் வேகத்தைக் குறைத்தேன், இன்னும் குறைத்தேன். சைக்கிளில் போனவர் எங்களை முந்திப் போனார். என் கணவரின் கை கதவுக்கு மேலே இருந்த பிடியை விடாமல் பிடித்திருந்தது. இறக்கக்கண்டிப் பாலத்துக்குக் கிட்ட, "நிப்பாட்டும்" என்றார். முகம் வெளிறியிருந்தது. வலது காலைத் தொட்டு, "முழங்கால் தாண்டி இறங்கிட்டுது" என்றார்.

திரும்பி வந்தோம். வீட்டு வாசலில் இறங்கும்போது கெப்பின் பக்கம் பார்க்காமலே, "வித்துப் போடுவம்" என்றார். நான் "ஓம்" என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்: எனக்கு உள்ளுக்குள் ஓர் ஆறுதல் வந்தது. இனிக் கடற்கரையும் வேண்டாம், இஞ்சினும் வேண்டாம், பயமும் வேண்டாம் என்று. மூதூரில் எனக்குத் தெரிந்த ஒருவர் கெப் தேடிக்கொண்டிருந்தார். அடுத்த சனிக்கிழமை வந்து பார்க்கச் சொன்னேன். என் கணவர் மூன்று நாள் கட்டிலை விட்டு எழும்பவில்லை. வாடியிலிருந்து போன் வந்தால் எடுக்கவும் இல்லை.

விற்கிற வாகனம் ஒழுங்காக நிற்க வேண்டுமே. பின்சில்லு ஒன்று மெதுவாகக் காற்று விடுவது போலத் தெரிந்தது. புதன்கிழமை காலையில் அன்புவழிபுரத்தில் இருக்கிற டயர்க்கடைக்குக் கொண்டுபோனேன். என் கணவர் வழக்கமாகப் போகிற கடை அது. நடத்துகிறவர் கிண்ணியாவைச் சேர்ந்தவர், நாற்பது வயது வராது, ஒற்றை ஆளாக வேலை செய்வார். நான் அதற்குமுன் அந்தக் கடையை ரோட்டில் போகும்போது பார்த்ததோடு சரி. தகரக் கூரைக்குக் கீழே டயர்களை அளவுப்படி அடுக்கி வைத்திருந்தார். என் வகுப்பறைகளில் ஒன்றுகூட அவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை.

அவர் முதலில் வால்வின் மூடியைக் கழற்றி, விரலில் எச்சிலைத் தொட்டு அதன் வாயில் வைத்துப் பார்த்தார். சின்னக் குமிழி வந்தது. "வால்வுக்குள்ள இரிக்கிற ஊசிதான் தேஞ்சிரிக்கு" என்று அதை மாற்றினார். பிறகு காற்று அளக்கிற கேஜை வைத்தார். புருவம் சுருங்கியது. பெட்டிக்குள்ளிருந்து இன்னொரு கேஜை எடுத்து வைத்தார். மூன்றாவதையும் வைத்தார். ஏன் மூன்று என்று கேட்டேன். "ஒண்டு பொய் சொன்னா மத்த ரெண்டும் காட்டிக் குடுக்கும், டீச்சர்" என்றார். மற்றச் சில்லுகளுக்கும் போய் வந்தார்.

"டீச்சர், இந்தக் காத்தை ஆர் அடிச்சது?"

"பெற்றோல் செட்டிலை. நான்தான் சொன்னனான். டயரிலை ஐம்பது எண்டு எழுதியிருக்கு, பாருங்கோ."

அவர் சிரித்திருந்தால் நான் சண்டை பிடித்திருப்பேன். சிரிக்கவில்லை. கெப்புக்குப் பக்கத்தில் குந்தி, அந்தப் பொடி எழுத்துக்குக் கீழே விரலை ஓட்டினார். "இது இந்த டயர் தாங்கிற கடைசி அளவு. ஆகக் கூடின பாரம் ஏத்தினா இவ்வளவு வரைக்கும் அடிக்கலாம், இதுக்கு மேல வேணாம் எண்டுதான் போட்டிரிக்கான். உங்கட கெப்புக்கு இவ்வளவு அடிங்க எண்டு சொல்லல்ல. கெப்பு பாரம் இல்லாம வெறும் பெட்டியோட ஐம்பதில ஓடினா, கல்லில ஓடின மாதிரித்தான்."

எனக்குக் காது சூடேறியது. எல்லையை விடை என்று எழுதிய எத்தனை பிள்ளைகளின் விடைத்தாளில் சிவப்புப் பேனையால் குறுக்கே கீறியிருக்கிறேன். அதே பிழையை, கண்ணாடி போட்டுக் குந்தியிருந்து வாசித்து, நிமிர்ந்து நின்று விட்டிருந்தேன். பிறகுதான் மற்றது உறைத்தது. அன்றைக்குக் கெப் தூக்கி அடித்தது ரோட்டாலோ அவருடைய முதுகாலோ இல்லாமல் இருக்கலாம்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். சத்திரசிகிச்சை, டொக்டர் சொன்னது, பாலத்தடியில் திரும்பியது, சனிக்கிழமை மூதூரிலிருந்து ஆள் வரப்போவது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"பாஸ் அண்ணன் வலிக்குது எண்டு திரும்பினது இந்தக் காத்தோடயா?"

"ஓம்."

"அப்ப விக்கிறத்துக்கு முன்னம் ஒருக்காப் பாத்திருவம்."

எவ்வளவு அடிக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். எனக்கு உடனே ஓர் எண் வேண்டும். "எனக்கும் தெரியா. டயரைத்தான் கேக்கணும்" என்றார். இப்படிக் கதைக்கிறவர்களை எனக்குப் பொதுவாகப் பிடிக்காது. பிறகு, "டீச்சர், வெண்கட்டி இரிக்கா?" என்று கேட்டார். நான் இப்போதும் பின்னேரங்களில் கரும்பலகையோடு வகுப்பெடுக்கிறேன், ஆகவே கைப்பையில் நாலு துண்டு கிடந்தது.

ஒவ்வொரு டயரிலும் ரோட்டில் படுகிற முகத்துக்குக் குறுக்கே, ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை தடிப்பாகக் கோடு கீறினார். கடைக்குப் பக்கத்தில் மட்டமான ரோட்டுத் துண்டு ஒன்று இருக்கிறது. அதில் வளைக்காமல், பிரேக்கைச் சட்டென்று மிதிக்காமல் நேராக ஓட்டிப்போய் நிற்கச் சொன்னார். தானும் பின்னால் நடந்து வந்தார். இறங்கிப் பார்த்தேன். கோட்டின் நடுப்பகுதி சுத்தமாக அழிந்திருந்தது. இரண்டு கரையிலும் நாலு விரல் அகலத்துக்கு வெண்கட்டி அப்படியே இருந்தது. அவ்வளவு பெரிய டயர் ரோட்டைத் தொட்டது நடுவால் மட்டும்தான். மிச்சமெல்லாம் சும்மா சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

காற்றைக் குறைத்தார். கோட்டைத் திரும்பக் கீறினார். நான் திரும்ப ஓட்டினேன். அழிந்த இடம் கொஞ்சம் அகன்றது. திரும்பக் குறைத்தார். நான்காவது தரமோ ஐந்தாவது தரமோ பின்டயர்களில் கோடு விளிம்பிலிருந்து விளிம்புவரை ஒரே சீராக மங்கியிருந்தது. எனக்குச் சந்தோசம். "சரி, இதுதான்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு இன்னும் குறைத்தார். இந்தமுறை கரைகள் அழிந்து நடு மிஞ்சியது. "கூடினது எப்பிடி இரிக்கும் எண்டு பாத்தம். குறைஞ்சது எப்பிடி இரிக்கும் எண்டும் பாத்தாத்தான் நடு எது எண்டு நம்பலாம்" என்று சொல்லிவிட்டு மூன்று நான்கு ஏற்றினார்.

நான் குனிந்து டயரில் மிஞ்சிய கோட்டைத் திரும்பவும் பார்த்தேன். ஒரு பக்கத்தால் மட்டும் நெருங்காதே, இரண்டு பக்கத்தாலும் நெருங்கிப் பார், இரண்டும் சந்திக்கிற இடத்தில்தான் விடை என்று உயர்தர வகுப்புக்கு வருடா வருடம் தொண்டை கிழியச் சொல்லியிருக்கிறேன். பாதிப்பேர் நித்திரை கொள்வார்கள். இந்த மனிதர் அதை யாரிடமும் படிக்காமல், வெயிலுக்குள் குந்தியிருந்து, ஒரு துண்டு வெண்கட்டியால் செய்து காட்டினார். இஞ்சின் இருக்கிற முன்பக்கம் பாரம், வெறும் பெட்டி இருக்கிற பின்பக்கம் லேசு என்பதால் முன்னுக்கு ஒரு கணக்கும் பின்னுக்கு ஒரு கணக்கும் வந்தது. முன்னுக்கு முப்பத்திரண்டு, பின்னுக்கு இருபத்தேழு. என் ஐம்பதில் பாதிக்குக் கிட்ட.

லுஹர் தொழுகைக்கு நேரமாயிற்று. கடையை அடைக்கும்போது, "இது வெறுங்கெப்புக்கு. சாமான் பெட்டி எல்லாம் ஏத்தி, அண்ணனையும் இருத்தித்தான் மிச்சத்தைச் சொல்லேலும். அதுவும் டயர் குளிரா இரிக்கணும். இஞ்ச கொண்டு வந்தா ஓடி வார சூட்டில பிழைச்சுப் போகும். நாளைக்கு விடிய நான் வீட்டுக்கு வாறன்" என்றார். யாரும் கேட்காமலே சொன்னார்.

அன்று பின்னேரம் என் கணவர் சாய்மனைக் கதிரையில் கிடந்தார். அவருக்கு முன்னால் போய் நின்றேன்.

"ஒரு பிழை விட்டிட்டன்."

"என்ன, கெப்பை எங்கையாவது கொண்டுபோய் இடிச்சுப்போட்டீரோ?"

"இல்லை. அண்டைக்கு உங்களுக்கு வலிச்சது என்னாலை."

டயரில் வாசித்ததிலிருந்து வெண்கட்டி வரைக்கும் சொன்னேன். அவர் கோபிப்பார் என்று நினைத்தேன். கோபித்திருந்தால் எனக்கும் சுகமாக இருந்திருக்கும். அவர் தன்னுடைய வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தார். சின்னக் குரலில், "அப்ப என்ரை முதுகு இல்லையோ?" என்று கேட்டார்.

நான் அழுதுவிட்டேன். அத்தனை நாளும் தான் முடிந்துபோனேன் என்று நினைத்துக் கிடந்திருக்கிறார். நானும் அப்படியே நினைத்து, கெப்புக்கு ஆள் தேடியிருக்கிறேன். அவர் நான் அழுது முடிக்கும்வரை பார்த்துவிட்டு, "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது எண்டு பிள்ளையளுக்குப் படிப்பிச்சனீரோ, இல்லையோ?" என்றார். நாலைந்து நாளுக்குப் பிறகு அன்றுதான் பகிடி விட்டார்.

மறுநாள் வெளிச்சம் வரும்போதே டயர்க்கடைக்காரர் மோட்டர்சைக்கிளில் வந்துவிட்டார். மூன்று கேஜும் கொண்டு வந்திருந்தார். நாங்கள் முதல்நாளே ஒழுங்கைப் பெடியளைப் பிடித்துப் பெட்டிகளை ஏற்றி வைத்திருந்தோம். என் கணவரை முன்சீற்றில் இருத்தி, பின்டயர் எவ்வளவு பிதுங்குகிறது என்று நிலத்தோடு கன்னம் வைத்துப் பார்த்தார். ஒழுங்கையில் கோடு கீறி ஓட்டினோம். பாரத்தோடு பின்னுக்கு முப்பத்திரண்டு வந்தது. நான் கொப்பியில் எழுதினேன்.

"எழுதுங்க டீச்சர். ஆனா பாரம் கூடினா மாறும். அதையும் எழுதுங்க."

பிறகு மற்றதையும் சொல்லித் தந்தார். குச்சவெளியில் நிறுத்தி கேஜை வைத்துப் பார்க்க வேண்டும். ஓடிய சூட்டுக்கு நாலு அளவில் கூடியிருந்தால் சரி. அதற்கு மிஞ்சிக் கூடினால் காற்று போதாது, கூடாமலே இருந்தால் காற்று அதிகம். மணல் தொடங்குகிற இடத்தில் பதினெட்டுக்கு இறக்க வேண்டும். திரும்பித் தார் ரோட்டில் ஏற முன்னர் கட்டாயம் ஏற்ற வேண்டும். அதற்காக, கெப்பின் லைட்டர் ஓட்டையில் குத்துகிற தன்னுடைய சின்னப் பம்பையும், கூடவே ஒரு கேஜையும் என் கையில் தந்தார்.

என் கணவர் கதவுக் கண்ணாடியை இறக்கி, "தம்பி, இனி வலிக்காதுதானே?" என்று கேட்டார். ஒரு குழந்தை கேட்கிற மாதிரித்தான் கேட்டார்.

ஓம் என்று சொல்லிவிடுவது எவ்வளவு லேசு. அந்த இடத்தில் நான் என்றால் சொல்லியிருப்பேன். டயர்க்கடைக்காரர் அப்படிச் சொல்லவில்லை. "அண்ணன்ட முதுகைப் பத்தி எனக்குத் தெரியா. டொக்டருக்குத்தான் தெரியும். நான் டயரை மட்டும்தான் சொல்லுவன். டயரால வலிக்காது." தனக்குத் தெரிந்தது எங்கே முடிகிறது என்று இவ்வளவு துல்லியமாகத் தெரிந்த ஒருவரை நான் அதற்குமுன் கண்டதில்லை. படித்தவர்களுக்குள்ளும் கண்டதில்லை.

அன்றைக்கே வெளிக்கிட்டோம். வியாழக்கிழமை. சனிக்கிழமை ஆள் வரும், அதற்குள் தெரிந்துவிடும். கெப் அதே கெப்தான், ஆனால் ரோட்டைத் தடவிக்கொண்டு போவது போல இருந்தது. நிலாவெளிக்குள், "வலிக்குதோ?" என்று கேட்டேன். இல்லை என்றார். பாலத்தடியில் கேட்டேன். இல்லை என்றார். பாலம் தாண்டி மூன்றாம் தரமும் கேட்டேன். "உம்மடை கேள்விதான் வலிக்குது" என்றார். குச்சவெளியில் இறங்கிக் கேஜை வைத்தேன். பின்டயரில் முப்பத்தாறு. சரியாக நாலு கூடியிருந்தது. ரோட்டில் நின்றபடி எனக்குச் சிரிப்பு வந்தது.

குச்சவெளிக்குப் பிறகு அவர் கதைக்கவில்லை. நான் ஏதோ சொன்னேன், பதில் வரவில்லை. போனமுறையும் இப்படித்தான் தொடங்கியது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தால் அந்த வெளிறின முகம் இருக்கும், நான் கெப்பைத் திருப்ப வேண்டிவரும், அதோடு சரி. ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினேன். அவர் சொல்லட்டும், சொல்லும்வரை ஓட்டுவோம் என்று ஓட்டினேன். புல்மோட்டைக்குக் கிட்ட, வாடிக்கு இறங்குகிற மணல் பாதை தொடங்குகிற இடத்தில் கெப்பை நிறுத்தினேன். இறங்கி, அவர் பக்கம் பார்க்காமலே நான்கு டயரிலும் காற்றை இறக்கினேன். காற்று சீறிக்கொண்டு போனது. முன்னுக்கும் பின்னுக்கும் கேஜை வைத்து வைத்துப் பதினெட்டுக்குக் கொண்டுவந்தேன். கடைசிச் சில்லு அவருடைய கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. எழும்பியபோது பார்க்காமல் இருக்க ஏலவில்லை.

தலை ஒருபக்கம் சரிந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. கை பிடியில் இல்லை, மடியில் கிடந்தது. ஏழு மாதமாக நித்திரைக் குளிசை போடாமல் ஒரு மணித்தியாலம் கண் மூடாத மனிதர், நல்ல நித்திரை.

வாடியிலிருந்து இரண்டு பேர் கெப்பைக் கண்டு மணலில் ஓடி வந்தார்கள். நான் உதட்டில் விரலை வைத்தேன். அவர்கள் அப்படியே நின்றார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். இஞ்சின் பழுதாகிக் கிழமைக்கணக்காகக் கரையில் கிடக்கிறவர்கள், வெயிலுக்குள் அசையாமல் காத்து நின்றார்கள். நான் ஓசைப்படாமல் ஏறி என் இடத்தில் இருந்தேன்.

கால்மணித்தியாலம் போயிருக்கும். அவர் கண் திறந்தார். முன்கண்ணாடியால் பார்த்தார், ஒன்றும் பிடிபடவில்லை.

"ஏன் நிப்பாட்டினீர்? இன்னும் எவ்வளவு தூரம் கிடக்கு?"

"வந்திட்டம்" என்றேன்.